பாட்டுக்குப் பின்னால் ஒரு மயில்

ஆகஸ்ட் 3, திங்கள்

காற்று. பஸ் ஸ்டாண்டிலிருந்து பறந்து வந்த மண்ணைக் கூட்டிச் சேர்த்தால் தருமபுரிக்கு இன்னொரு மலை. டைப்ரைட்டர் உறை ஒன்று ஜன்னல் வழியே போய்விட்டது. தேடவில்லை. அதற்குப் பிடித்த ஊரில் இறங்கட்டும்.

பெங்களூர்க் கடிதம் வந்தது. மாடியில் இருக்கும் கம்பெனிக் கிளையை மூடுகிறார்கள். சனிக்கிழமை லாரி. கம்ப்யூட்டர், அதற்குத் திரையான டிவி, புரோகிராமைக் கேசட்டிலிருந்து ஏற்றும் டேப் ரிக்கார்டர், கேசட், அச்சடித்த தாள், ஒன்று விடாமல் ஒப்படைக்க வேண்டுமாம். இரண்டு பேருக்கு வேலை போனது. என்னை மட்டும் நீக்க முடியாது. எனக்குச் சம்பளமே கிடையாது. உலகத்திலேயே நீக்க முடியாத ஒரே ஊழியன்.

பிற்கால சரித்திரக்காரர்கள் தவிக்கக் கூடாது என்பதற்காக நம் சேனையின் விவரம்:

ஸ்டெல்லா. அக்கா மகள். புரோகிராம் எழுதுபவள். வருடத்துக்கு இரண்டு முறை சிரிப்பாள், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும்.

முனிரத்தினம். இனி மு. மெஷினைக் கவனித்துக்கொள்பவன். பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், மெஷின் மக்கர் செய்தால் கன்னடம்.

நான். லூர்துசாமி. கீழே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அதிபர். மேலே தட்டச்சுச் சக்கரவர்த்தி. ஸ்டெல்லா தாளில் எழுதியதைக் கம்ப்யூட்டரில் அடிப்பவன். என்ன அடிக்கிறேன் என்று ஒரு நாளும் புரிந்ததில்லை. புரிந்திருந்தால் வேகம் போயிருக்கும். ஊரே மாமா என்று கூப்பிடுகிறது. கலெக்டர் ஒருவர்தான் பாக்கி.

வாரநாளில் அரிசி மில் கணக்கு, மண்டிக் கணக்கு. அது கம்பெனிக்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் நடப்பது எங்களுக்கு. ஸ்டெல்லா தன் பொழுதில் எழுதிய படம் போடும் புரோகிராம், பெயர் 'கட்டம்'. கட்டம் போட்ட தாளில் கறுப்பு அடித்துக்கொண்டு யார் யாரோ படியேறி வருவார்கள். தையல் டீச்சர் மரகதம் (குறுக்குத் தையல் ரோஜா). தக்காளி மண்டி ராஜு (எப்போதும் தக்காளிதான், "இது வேறங்க, நாட்டுத் தக்காளி" என்பார்). கண்டக்டர் மாரிமுத்து (மயில்). நான் உரக்க வாசிப்பேன்: "முதல் வரி, எட்டு வெள்ளை, மூணு கறுப்பு." எல்லாரும் தாளைப் பார்த்து, "சரி." அடுத்த வரி. "சரி." மாதா கோயில் மன்றாட்டு மாலை கெட்டது போங்கள். தப்பு கண்டுபிடித்தவருக்கு என் செலவில் போண்டா. இந்த முறையில் பிழையே வராது. வந்ததெல்லாம் போண்டாவுக்காக இட்டுக் கட்டியது.

ஸ்டெல்லா போஸ்டாபீஸ் போய் பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டாள். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கட்டத்தை மட்டும் கேட்டேன் மாமா. அதுவும் கம்பெனி சொத்தாம். எப்படியும் கேசட்டை அழிச்சிட்டு வேற ஏத்திக்குவாங்களாம்."

"மயிலையும் அழிப்பாங்களா?"

"மயிலு, ரோஜா, தக்காளி, எல்லாந்தான்."

மு. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான். காற்று இல்லாத பக்கத்து ஜன்னல்.

கட்டளை பிறப்பித்தேன்: இந்த மாடியில் யாரும் அழக் கூடாது. அழுபவர் படிக்கட்டில் இறங்கி, டைப்ரைட்டிங் லோயர் வகுப்பில் உட்கார்ந்து அழ வேண்டும். அங்கே சத்தத்தில் கேட்காது.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

பல் வலி. கிராம்பு. பயனில்லை.

வழி கண்டுபிடித்தாயிற்று. கண்டுபிடித்தது மு. ஆனால் திட்டத்துக்குத் தளபதி நான். கம்ப்யூட்டர் கேசட்டில் இருப்பது வெறும் சத்தம்தானே. கீ என்று ஒரு கத்தல், பிறகு கரகர. பாட்டைப் பதிவு செய்பவன் இதையும் பதிவு செய்யலாமே.

தெருக்கோடி ரெக்கார்டிங் கடை கோவிந்து. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவனும் ஒருவன், கித்தார் படம் போட்டவன். இந்த ஜில்லாவில் யார் எந்தப் பாட்டுக்கு அழுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். கடையே இரட்டை டெக், ஒரு மின்விசிறி, நாலு குமிழ். கட்டமும் மயிலும் இருந்த அசல் கேசட்டை அவனிடம் நீட்டினேன்.

"இதை அப்படியே பத்துக் கேசட்ல ஏத்தணும் கோவிந்து. ரகசியம்."

"உட்ருங்க மாமா. நம்ம மயிலு. தங்கமா பண்ணித் தரேன்."

"கேக்க நல்லா இருக்காது."

"என் கைக்கு வந்தா நல்லா இருக்கும்."

அந்தப் பதிலிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பல் வலி. கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

பல் தேவலை. வாங்க வேண்டியது: ரிப்பன், கார்பன், கத்தரிக்காய்.

கோவிந்து வந்தான். பத்துக் கேசட், ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் 'மயில்' என்று எழுதி, கல்யாணத் தாம்பூலம் மாதிரி பூ நூல் சுற்றி. ஸ்டெல்லா வாங்கி மேஜை டிராயரில் வைத்தாள். போட்டுப் பார்க்கலாம் என்றாள். அதற்குள் அரிசி மில் ஆள் வந்து கணக்கு முடிந்ததா என்று உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம். தவிட்டின் எதிர்காலம் பற்றிப் பேசினார். தவிட்டுக்கு எதிர்காலம் இருக்கிறது. எங்களுக்குத்தான் சனிக்கிழமை வரை.

அசல் இருக்கிறது, நகல் பத்து இருக்கிறது, நெப்போலியனுக்குக்கூட இப்படிப் பின்பலம் இருந்ததில்லை. நன்றாகத் தூங்குவேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

பெங்களூர்க்காரர் இன்றே வந்து நிற்கிறார்! சனிக்கிழமை என்றார்கள். "லாரி சனிக்கிழமைதான். சரக்கு சரிபார்க்க முன்னாடியே வந்தேன்." நல்ல மனுஷன் மாதிரிதான் இருக்கிறார். வெள்ளைச் சட்டை, பேனா இரண்டு. இரண்டாவது பேனா எதற்கு என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எழுதவே இல்லை அது.

அசல் கேசட் எல்லாம் எண்ணி, பைக்குள். அச்சடித்த தாள், ஸ்டெல்லா கையால் எழுதிய புரோகிராம் தாள், பைக்குள். மரகதம் டீச்சரின் ரோஜாத் தாள், ராஜுவின் தக்காளித் தாள்கள், மயில், எல்லாம் பைக்குள். பையை லாட்ஜுக்குக் கொண்டு போய்விட்டார்.

"இந்தத் தாளெல்லாம் எதுக்குங்க உங்களுக்கு?" என்று மு. கேட்டான்.

"எல்லாம்னு எழுதியிருக்கு. எல்லாம்னா எல்லாம்."

நாங்கள் மூவரும் ஒரே மாதிரி சிரித்தோம். டிராயரில் பத்து இருக்கிறதல்லவா. ஸ்டெல்லாவும் சிரித்தாள். ஆகஸ்ட் மாதத்தில். அவர் பயந்திருப்பார்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் முதல் நகல். டேப் ரிக்கார்டரின் சத்தக் குமிழில் ஸ்டெல்லா நகப்பாலீஷ் புள்ளி ஒன்று வைத்திருக்கிறாள், குமிழ் அங்கே நின்றால்தான் மெஷின் கேட்கும். அங்கே வைத்தோம். கத்தியது. டிவியில் எரர். இரண்டாவது. எரர். ஐந்தாவதில் மு. கன்னடத்துக்குப் போய்விட்டான். பத்தும் எரர்.

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் திரும்பக் கேட்டாள். "மாமா, இது ரெண்டு தரம் கத்துது. கத்துனதே பின்னாடியே திரும்பக் கத்துது."

நானும் கேட்டேன். ஆமாம். குகைக்குள் மயில்.

கோவிந்துவைக் காலரைப் பிடித்து அழைத்து வந்தேன் (உண்மையில் வாடா என்றேன், வந்தான்).

"கொஞ்சம் எக்கோ வெச்சேன் மாமா. அப்புறம் பேஸ் கொஞ்சம் தூக்கி. சும்மா மொட்டையா இருந்துச்சுங்க, மனசு கேக்கல."

"எக்கோவா?"

"நம்ம மயிலாச்சே. மத்தவங்களுக்கே எக்கோ போட்டுத் தரேன். நமக்குப் போடாம எப்டிங்க?"

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்த வசவெல்லாம் ஜோலார்பேட்டை வரை வரிசையில் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. அவன் முகம் அப்படி. ஸ்டெல்லா எழுந்து கீழே போனாள். லோயர் வகுப்புக்கு. கட்டளை நானே போட்டது. வாபஸ் வாங்கலாமா என்று பார்த்தேன். அதற்கும் மனம் வரவில்லை.

மதியம் லாட்ஜுக்குப் போய்ப் பெங்களூர்க்காரரிடம் ஒரே ஒரு கேசட் கேட்டுப் பார்த்தேன். "எண்ணியாச்சுங்க," என்றார். உண்மையில் வருத்தப்பட்டார். அதனால் திட்டவும் முடியவில்லை. இந்த வாரம் திட்டவே ஆள் கிடைக்கவில்லை எனக்கு.

சாயங்காலம் கண்டக்டர் மாரிமுத்து படியேறி வந்தார். ஏரியூரிலிருந்து தருமபுரி, பாலக்கோடு வழியாக ஓசூர் போகும் தனியார் பஸ்ஸில் இருப்பவர், மயிலைப் பெற்றவர். கிளை மூடுவது கேள்விப்பட்டு வந்தாராம். ஆனால் முதலில் சண்டை, கோவிந்துவோடு.

"ஏம்ப்பா, எங்க டிரைவரண்ணன் கேசட்ல என்னா எழவப்பா பதிஞ்சி வெச்ச? ரெண்டாம் பக்கம் கடைசிப் பாட்டு முடிஞ்சதும் கீஈஈன்னு கத்துது. நேத்து பென்னாகரம் தாண்டி ஒரு அம்மா கோழிக்கூடையோட எழுந்து நின்னுக்கினு, பஸ்ஸு உடையப் போவுது எறக்கி உடுன்னு ஒரே ரகளை."

கோவிந்து தலையில் கை வைத்தான்.

"ஐயோ. அது சின்னசாமியண்ணன் கேசட்டுங்க. அதுல கடைசில எடம் இருந்துச்சி. மயிலை மொதல்ல அதுல ஏத்திப் பாத்தேன். மொட்டையா இருக்கேன்னு அப்புறந்தான் எக்கோ... அதை அழிக்க மறந்துட்டேன்."

மு. மெதுவாகக் கேட்டான்: "அதுல எக்கோ இல்லியா?"

"இல்லீங்க. அது சும்மா."

சும்மா! இந்த ஜில்லாவின் மிக அழகான சொல் அது. மாரிமுத்துவைக் கட்டிப் பிடித்தேன். அவருக்குக் காரணம் தெரியவில்லை, ஆனாலும் திருப்பிக் கட்டிப் பிடித்தார்.

மாரிமுத்துவுக்கு இன்று விடுப்பு, நாளை தருமபுரியில்தான் ஏறுவார். பஸ் மாற்று ஆளோடு ஏரியூர் போய்விட்டது, இரவு அங்கேதான் நிற்கும். நாளைக் காலை இங்கே வரும்போது ஒன்பது. லாரியும் ஒன்பது.

ஆகஸ்ட் 8, சனி

எதுவும் விட்டுப் போகாமல் எழுத வேண்டும். சந்தோஷத்தில் வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலானால் பொறுக்கவும் (யார் பொறுக்க? நான்தான்).

லாரி முதலில் வந்தது. லாரிகளுக்கு இங்கிதம் கிடையாது. பெங்களூர்க்காரர் பையோடு மேலே வந்து, "கட்டிடலாமா?" என்றார். சுமை தூக்குபவர் டிவிப் பெட்டிக்குக் கயிறு போட்டுவிட்டார்.

அப்போது என் வாயில் யார் வந்து உட்கார்ந்தார்களோ தெரியாது.

"சார், மெஷின் ஓடுதான்னு பாக்காம கையெழுத்துப் போடுவீங்களா?"

"ஓடும்ல?"

"நாளைக்குப் பெங்களூர்ல ஓடலைன்னா, தருமபுரியிலயே கெட்டுப் போச்சுன்னு எம்மேல வரும். முப்பது வருஷமா மானத்தோட பொழைக்கிறவன். ஓட்டிக் காட்டாம ஒப்படைக்க மாட்டேன்."

யோசித்தார். நியாயமாகப் பட்டுவிட்டது அவருக்கு. "சரி, ஏதாவது ஒரு கேசட் போடுங்க," என்று பையைத் திறக்கப் போனார். வேண்டாம் சார், எண்ணிக் கட்டியதைக் கலைக்கக் கூடாது, வெளியிலிருந்து ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்றேன். வந்துகொண்டிருந்ததும் உண்மை.

பஸ் வந்தது. டிரைவர் சின்னசாமியண்ணன் கேசட்டைத் தர மாட்டேன் என்றார்!

"இதுல எங்கூட்டுக்காரி கேட்டுப் பதிஞ்ச பாட்டெல்லாம் கீது. கைய உட்டுக் குடுக்க மாட்டேங்க. வேணும்னா நானே எடுத்துக்கினு வரேன்."

வந்தார். டிரைவர் இறங்கிப் போனால் பஸ் எங்கே போகும். கண்டக்டரும் வந்தார். ரெண்டு பேரும் போன இடத்தில் என்னவோ என்று பயணிகளும் வந்தார்கள். தக்காளிக் கூடை, பள்ளிக்கூடப் பை, கோழி அம்மா, மஞ்சப் பை, பாதிப் பஸ் எங்கள் மாடியில். மீதிப் பஸ் படிக்கட்டில். (ஐயாயிரம் பேர் என்று எழுதத்தான் ஆசை. அறை அவ்வளவு தாங்காது.) வழியனுப்ப வந்த மரகதம் டீச்சரும் ராஜுவும் நடுவில் நசுங்கி நின்றார்கள்.

மு. டிவிக் கயிற்றை அவிழ்த்தான். ஸ்டெல்லா குமிழை நகப்பாலீஷ் புள்ளியில் வைத்தாள். கடைசிப் பாட்டு முடியும் வரை ஓட்டினோம், சின்னசாமியண்ணன் கூடவே முனகினார். பிறகு கீஈஈ.

கோழி அம்மா: "இதாங்க, இதாங்க அந்தச் சத்தம்!"

எரர்.

பெங்களூர்க்காரர் கடிகாரம் பார்த்தார். கீழே லாரி ஹாரன். ஸ்டெல்லா கேசட்டை எடுத்து, டேப் ரிக்கார்டரின் வாயைத் திறந்து, தன் துப்பட்டா நுனியால் உள்ளே துடைத்தாள். நுனி செம்மண் நிறமாக வந்தது.

"பஸ் கேசட் மாமா. ரோடு பூரா உள்ள இருக்கு."

இரண்டாம் முறை. கீ. கரகர. 'கட்டம்' ஏறிவிட்டது! பிறகு படம். மேலிருந்து ஒரு வரி. இன்னொரு வரி. நான் அறியாமலே ஆரம்பித்துவிட்டேன்: "முதல் வரி, எட்டு வெள்ளை, மூணு கறுப்பு." மரகதம் டீச்சர் கூட்டத்திலிருந்து, "சரி." ராஜு, "சரி." தாள் ஒருவர் கையிலும் இல்லை. கொண்டை வந்தது. கழுத்து வந்தது. மூன்றாவது நாலாவது வரியில் ஏரியூர் ஆட்களும் சரி சொல்ல ஆரம்பித்தார்கள், எதற்கு என்று தெரியாமல். உடம்பு வந்தது. மதில் வந்தது. மதிலில் உட்கார்ந்த மயில் அது, வால் கீழே தொங்கும், அதனால் வால் கடைசியில்தான். வால் வரும்போது மொத்த மாடியும் சத்தம் போட்டது.

மாரிமுத்து டிவி பக்கத்தில் போய் நின்றுகொண்டார். "நான் போட்டதுங்க. நாந்தான்." அறிமுகமில்லாதவர்களிடமெல்லாம்.

பெங்களூர்க்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுதான் அந்தப் புரோகிராமா?"

"ஆமாங்க," என்றாள் ஸ்டெல்லா.

"இதை நான் ஓட்டிப் பாத்ததே இல்லம்மா." பிறகு கடமை ஞாபகம் வந்தது, கையை நீட்டினார். "அந்தக் கேசட்..."

சின்னசாமியண்ணன் அதற்குள் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருந்தார். "இது என்னுதுங்க. பாட்டுக் கேசட்டு. கம்பெனிப் பாட்டா பாடுது இதுல?"

பெங்களூர்க்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் பாதி ஏரியூர். கோழியும் முறைத்தது. கையை மடக்கிக்கொண்டார். இரண்டாவது பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மெஷின் நன்றாக ஓடுகிறது என்று எழுதினார். என் வாழ்க்கையில் நான் ஒப்படைத்த ஒரே ராஜ்ஜியம், நல்ல நிலையில்.

லாரி போயிற்று. யாரும் லோயர் வகுப்புக்குப் போகவில்லை.

பஸ் இருபத்தைந்து நிமிடம் தாமதம். ஓசூரில் காரணம் கேட்டால் மயில் என்று சொல்வாராம் மாரிமுத்து.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பூசை. பிரசங்கம் நீளம்.

இன்று யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன், பூட்டாமல் மட்டும் வைத்தேன். வந்துவிட்டார்கள், தாளோடு! ராஜு புதிதாக ஒரு தக்காளி. "இது வேறங்க."

"மெஷின் இல்லியே ராஜு."

"அதுக்கு? ஞாயித்துக்கெழமை இல்லீங்களா?"

கீழே இறக்கினேன் எல்லாரையும். டைப்ரைட்டர் முன்னால் ஆளுக்கு ஒரு நாற்காலி. கறுப்புக்கு எக்ஸ், வெள்ளைக்கு இடைவெளி. நான் வாசிக்க, எல்லாரும் அடிக்க, "சரி, சரி." எல்லா மெஷினிலும் ஒரே தக்காளி. மு.வின் தக்காளி மட்டும் கத்தரிக்காய் போல வந்தது, அவன் குடும்பத்துக்கே அவமானம் என்றேன். போண்டா நான்கு தட்டு. அதில் இரண்டு பொய்ப் பிழை.

கோவிந்து மட்டும் ஓரமாக நின்றான். ஸ்டெல்லா போய்ப் பேசினாள். "கோவிந்தண்ணா, சின்னசாமியண்ணன்கிட்ட மறுபடி கேசட் வாங்கி நகல் எடுங்க. பாட்டுக்குப் பின்னால எங்க எடம் இருக்கோ அங்கெல்லாம் ஏத்துங்க. மொட்டையா."

"மொட்டையாவா..."

"மொட்டையா."

"ஒரே ஒரு கேசட்ல மட்டும் லேசா..."

"அண்ணா."

சரி என்றான். இந்த ஜில்லாவில் இனி பாட்டு பதிபவர் யாராக இருந்தாலும் எங்கள் மயிலைச் சுமந்தே ஆக வேண்டும், கலெக்டர் உட்பட. அழித்துக்கொள்ளட்டும் பெங்களூரில். ஒவ்வொரு டீக்கடையாக ஏறி அழிக்க முடியுமா? என்றாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு, ஒரு மில்லுக்கு, இன்னொரு மெஷின் வராமல் போய்விடுமா? வரட்டும். மயில் தயார்.

மு. நாளை முதல் தக்காளித் தோட்டம். ஸ்டெல்லாவுக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் வேலை, கணக்குப் போட. நாளைக் காலை பஸ். எந்த பஸ் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 10, திங்கள்

தூறல். இந்த வருடத்துக்கு முதல் உருப்படியான தூறல், நான் குடையை இன்ஸ்டிட்யூட்டில் வைத்துவிட்டு வந்த நேரம் பார்த்து.

ஸ்டெல்லா, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தலையணை. மு.வும் அதே பஸ், பாலக்கோட்டில் இறங்குவான். ஸ்டெல்லா ஜன்னலோரம் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடிய யாருக்காச்சும் வாடகைக்கு உடுங்க மாமா."

"விட மாட்டேன். மாடி காலியில்ல. மெஷின்தான் காலி."

"அழக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"மழை," என்றேன். அவள் என்னைப் பார்த்து, ஈஸ்டரும் இல்லை கிறிஸ்துமஸும் இல்லை, நன்றாகச் சிரித்தாள்.

சின்னசாமியண்ணன் ஸ்டார்ட் செய்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, கடைசிப் பாட்டின் கடைசி அடி. பஸ் நகரும்போது முடிந்தது. கீஈஈ.

உள்ளே யாரோ ஒருவர், "யோவ், நிறுத்துய்யா அந்தச் சனியனை!" என்று கத்தினார்.

படியில் தொங்கிக்கொண்டிருந்த மாரிமுத்து தலையை உள்ளே விட்டுச் சொன்னது எனக்கு வெளியே வரை கேட்டது:

"நிறுத்த முடியாதுங்க. பாதியில நிறுத்துனா வாலு வராது."